பஞ்சமி நிலம்னு ஊரே சொல்லுது, பட்டாவுல அப்படி எதுவும் இல்ல. எங்க போய் தேடறது?

ஏரிக்கரை பையன்:

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊர் வந்தவாசி பக்கம், பேர் இப்ப வேணாம்னு பாக்கறேன். காலனிக்கு வடக்கால ஏரிய ஒட்டி ஒரு மூணு காணி நிலம் இருக்கு. எங்க ஆயா இருந்த வரைக்கும் அத 'டீசி நெலம்'னுதான் சொல்லும் (டிப்ரெஸ்டு கிளாஸ், அதாவது தாழ்த்தப்பட்டவங்களுக்குன்னு அரசாங்கம் குடுத்த நிலம், பஞ்சமி நிலம்கறதும் அதுதான்), வெள்ளக்காரன் காலத்துல உங்க பாட்டனுக்கும் இன்னும் நாலு குடும்பத்துக்கும் பிரிச்சு குடுத்ததுடான்னு சொல்லும். இப்ப அது ஊர்த்தெருவுல ஒரு பெரிய குடும்பத்து கையில இருக்கு. ஆன்லைன்ல சர்வே நம்பர் போட்டு பாத்தா ரயத்துவாரின்னு வருது, பட்டா அவங்க பேர்ல சுத்தமா இருக்கு, பஞ்சமின்னோ டீசின்னோ ஒரு எழுத்து கிடையாது. எங்ககிட்ட இருக்கிறது ஒரே ஒரு பழைய கிஸ்தி (நிலவரி) ரசீது, அதுவும் கரையான் தின்னது போக மிச்சம், பாட்டன் பேரும் வருஷமும் தெரியுது, சர்வே நம்பர் இருந்த மூலையே போயிடுச்சு.

போன மாசம் அதுல பாதியில கல்லு நட்டு கலர் கொடி கட்டி பிளாட் போட ஆரம்பிச்சிட்டாங்க, அதான் இப்ப அவசரமா கேக்கறேன். இது பஞ்சமி நிலம்தானான்னு எதை வெச்சு உறுதி பண்றது? பாட்டன் காலத்துல எழுதி குடுத்திருந்தாருன்னா இப்ப நாம கேக்க முடியுமா முடியாதா? அப்பாகிட்ட பேசினா 'விட்டுடு, நாளைக்கும் உங்கம்மா அவங்க கழனிக்குத்தான் நாத்து நட போவணும்'ங்கறாரு. அவர் சொல்றதும் பொய் இல்ல. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழைய தாலுகா ஆபீஸ்:

தம்பி, நான் ரெவின்யூல இருந்து ரிட்டயர்டு ஆனவன். ஆன்லைன் பட்டாவ பாத்துட்டு மனச விடாதீங்க, அதுல இருக்காது. ஏன்னா இப்ப கம்ப்யூட்டர்ல இருக்கிறது எல்லாம் யூடிஆர், அதாவது நில ஆவணங்கள புதுப்பிச்ச திட்டம், அதோட பதிவேட்ட வெச்சு ஏத்துனது. அந்த யூடிஆர் வேலை 1979ல ஆரம்பிச்சு 1987 வரைக்கும் நடந்துச்சு. அப்ப யார் அனுபவத்துல இருந்தாங்களோ அவங்க பேர எழுதிட்டு போனதுதான் நெறைய, பழைய பதிவேட்டுல குறிப்பு கட்டத்துல இருந்த 'டி.சி. நிபந்தனை ஒப்படை' (நிபந்தனையோட அரசாங்கம் குடுத்த நிலம்)ங்கற வரி புதுசுக்கு வரவே இல்ல. சில ஊர்ல கவனக்குறைவு, சில ஊர்ல கவனமா செஞ்ச வேலை, நான் ரெண்டையும் பாத்திருக்கேன். அதுக்கும் முன்னாடி கணக்கு யார் கையில இருந்துச்சு? 1980ல எம்ஜிஆர் ஆட்சியில ஒழிக்கிற வரைக்கும் கணக்கு எழுதற கர்ணம், ஊர் மணியம் ரெண்டுமே நடைமுறையில பரம்பரை பதவி மாதிரிதான், காலனிக்காரன் வீட்டு பரம்பரைக்கு அது வந்ததே இல்ல.

அதனால யூடிஆருக்கு முந்தின செட்டில்மென்ட் பதிவேட்டுக்கு போகணும், எஸ்எல்ஆர், ஆர்எஸ்ஆர்னு சொல்வோம். மொதல்ல இப்ப இருக்கிற சர்வே நம்பருக்கு பழைய நம்பர் என்னன்னு கண்டுபிடிங்க, அதுக்கு புது நம்பர் பழைய நம்பர் ஒப்பீட்டு பட்டியல் இருக்கும், அத விட்டுட்டு தேடினா வேற யாரோட நிலத்தையோ தோண்டிட்டு இருப்பீங்க. தாலுகா ஆபீஸ்ல எஸ்எல்ஆர் இல்லன்னு சொல்வாங்க. உங்க ஏரியா பழைய வடாற்காடு, 1989ல தான் திருவண்ணாமலை தனி மாவட்டம் ஆச்சு, அதனால வேலூர் கலெக்டர் ஆபீஸ் ரெக்கார்டு ரூம்லயும் கேளுங்க, இங்க இல்லன்னா அங்க இருக்க வாய்ப்பு இருக்கு. அங்கயும் இல்லன்னா எழும்பூர் ஆவணக் காப்பகம்.

தகவல் உரிமைச் சட்டத்துல கேக்கும்போது ஒரு விஷயம். 'இது பஞ்சமி நிலமா?'ன்னு கேட்டீங்கன்னா 'பதிவேட்டில் அவ்வாறு இல்லை'ன்னு ஒரே வரியில முடிச்சிடுவாங்க, நாங்களே அப்படித்தான் முடிச்சோம். கேள்வியா கேக்காதீங்க, காகிதமா கேளுங்க. இந்த கிராமம், இந்த பழைய புல எண், செட்டில்மென்ட் பதிவேட்டுல அந்த பக்கத்தோட சான்றிட்ட நகல், குறிப்பு கட்டத்தோட சேத்து. அப்புறம் அந்த கிராமத்து நில ஒப்படை பதிவேட்டு நகல். 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினா போதும், 30 நாள்ல பதில் வரணும், வரலன்னா மேல்முறையீடு. அந்த கிஸ்தி ரசீத லேமினேட் கீமினேட் பண்ணிடாதீங்க, அப்படியே கவர்ல போட்டு வைங்க.

நடுநிலையாளன்:

எல்லாம் சரி, ஒண்ணு கேக்கறேன் கோச்சிக்காதீங்க. பாட்டன் வித்துட்டாரு, காசு வாங்கினாரு, செலவு பண்ணாரு. வாங்கினவன் மூணு தலைமுறையா உழுது பம்ப்செட் போட்டு வெச்சிருக்கான். இப்ப நிலத்துக்கு வெலை ஏறினதும் வந்து எங்க நிலம்னு கேட்டா அது எந்த ஊர் நியாயம்? 130 வருஷத்துக்கு முந்தின வெள்ளக்காரன் ஆர்டர வெச்சு இன்னிக்கு ஒருத்தன் சொத்த பிடுங்கறதுக்கு பேர் சமூக நீதியா? 2019ல 'அசுரன்'னு ஒரு படம் வந்துச்சு, அதுக்கு முன்னாடி இந்த வார்த்தையே யாரும் பேசி கேட்டதில்ல.

செங்கை செல்வி:

நடுநிலை சார், நீங்க கேக்கலங்கறதுக்காக யாரும் பேசலன்னு ஆயிடாது. 1994 அக்டோபர் 10ம் தேதி எங்க செங்கல்பட்டுல என்ன நடந்துச்சுன்னு விசாரிங்க. காரணை கிராமத்துல பஞ்சமி நிலத்த மீட்டு அம்பேத்கர் சிலை வெச்சாங்க, அதிகாரிங்க சிலைய எடுத்துட்டாங்க, அத கேட்டு செங்கல்பட்டுல திரண்ட ஜனங்க மேல போலீஸ் சுட்டதுல ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தாங்க. இன்னிக்கும் வருஷா வருஷம் அவங்களுக்கு அஞ்சலி நடக்குது. படம் வந்தது அதுக்கு 25 வருஷம் கழிச்சு.

சரி விஷயத்துக்கு வர்றேன், கொஞ்சம் நீளமா போகும். இந்த நிலம் தானம் இல்ல. 1891ல செங்கல்பட்டு கலெக்டர் பொறுப்புல இருந்த திரமென்ஹீர்னு ஒருத்தர் அரசாங்கத்துக்கு அறிக்கை எழுதறாரு. பறையர் மக்கள் ஏன் எவ்வளவு உழைச்சாலும் பண்ணையாளாவே இருக்காங்கன்னு பாத்து அவர் சொன்னதுல முக்கியமானது என்னன்னா அவங்களுக்கு நிலம் கிடைக்கவே விடறதில்லங்கறது. செங்கல்பட்டு ஜில்லாவுல மிராசு முறை, ஊர்ல தரிசு நிலம் சும்மா கிடந்தாலும் மிராசுதாரருக்குத்தான் முதல் உரிமை, சேரிக்காரர் ஒருத்தர் தர்காஸ்து மனு (தரிச எனக்கு குடுங்கன்னு கேக்கற மனு) போட்டா மிராசுதார் எனக்கு வேணும்னு ஒரு வார்த்தை சொன்னா போதும் மனு காலி. குடிசை போட்டிருக்கிற மனை கூட மிராசுதாரருதுதான், கூலி பத்தலன்னு வாய தொறந்தா வீட்ட காலி பண்ண சொல்லுவாங்க. அந்த அறிக்கைக்கு அப்புறம்தான் 1892 செப்டம்பர் 30ல அரசாணை வந்துச்சு. சென்னை மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர்னு நம்ம இயக்கத்து ஆளுங்க எல்லாரும் சொல்ற கணக்கு.

நிபந்தனை என்ன தெரியுமா? முதல் 10 வருஷம் விக்கவோ அடமானம் வெக்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது. அதுக்கப்புறம் வித்தாலும் தாழ்த்தப்பட்ட வகுப்புக்காரங்களுக்கு மட்டும்தான் விக்கலாம். வேற யாருக்காவது போச்சுன்னா அரசாங்கம் நஷ்டஈடு இல்லாம திருப்பி எடுத்துக்கலாம். இந்த நிபந்தனைய ஏன் போட்டாங்க? சார் கேக்கற அதே கேள்வி அன்னிக்கே எழுந்துச்சு, ஏழைகிட்ட நிலத்த குடுத்தா ஒரு பஞ்சத்துல புடுங்கிடுவாங்கன்னு தெரிஞ்சுதான் போட்டாங்க. அதனால 'காசு குடுத்து வாங்கினேன்'ங்கறது பதிலே இல்ல, வாங்கவே கூடாத பொருள வாங்கியிருக்காரு.

காசு குடுத்ததையும் பாப்போம். நான் ஊர் ஊரா இந்த பழைய பத்திரங்கள நகல் எடுத்து படிச்சிருக்கேன், எல்லாம் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கும். 'எனது குடும்பச் செலவுக்காகவும் முன் கடன் தீர்க்கவும்'னு ஆரம்பிக்கும். மொதல்ல போக்கியம் (கடனுக்கு ஈடா நிலத்த அனுபவிக்க விடற அடமானம்), அஞ்சாறு வருஷம் கழிச்சு அதே நிலம் அதே ஆளுக்கு கிரயம். தொகை எழுதியிருக்கிற எடத்துல பாத்தா 'மேற்படி போக்கியத் தொகையும் வட்டியும் கழித்துக்கொண்டது போக'ன்னு வரும், கடைசியில ரொக்கமா கையில வாங்கினது ஒண்ணும் இருக்காது. கீழ ஒரு கைநாட்டு, பக்கத்துல சாட்சி ரெண்டு பேர், ரெண்டு பேருமே வாங்கினவரோட சொந்தக்காரங்க. எழுதினது கர்ணம். மாடு செத்த வருஷம் கொஞ்சம், பொண்ணுக்கு கல்யாணம்னு கொஞ்சம், மழை இல்லாத வருஷம் ஏர் பூட்ட வழியில்லாம கொஞ்சம்னு போனதுதான் அத்தனையும். ஏரி மதகு யார் கையில இருக்கோ தண்ணி அவங்க கையில, தண்ணி விடலன்னா நிலம் இருந்து என்ன பண்றது? பத்திரமே இல்லாம வெறும் பட்டா மட்டும் மாறின ஊரும் உண்டு, அது தனி கதை.

ஏரிக்கரை தம்பி, நீங்க நடுநிலை சாருக்கு பதில் சொல்லிட்டு உக்காராதீங்க, மொதல்ல வில்லங்கச் சான்று (நிலம் எப்ப யார் கைக்கு மாறுச்சுன்னு காட்டறது) எடுங்க. ஆன்லைன்ல பெரும்பாலும் 1975ல இருந்துதான் வரும், அதுக்கு முந்தினதுக்கு சப் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல மேனுவலா தேட மனு போடணும். எந்த வருஷம் எப்படி கை மாறுச்சுங்கறதுதான் உங்க கேஸே.

பிளாட் வாங்கினவன்:

நானும் சொல்றேன், திட்டறவங்க திட்டிக்கோங்க. நான் சென்னைக்கு வெளிய ஒரு பிளாட் வாங்கி மாட்டினவன். அப்ரூவல் இருக்கு, பேங்க் லோன் குடுத்தான், புரோக்கர் 'டைட்டில் பளிங்கு சார்'னான். வீடு கட்டலாம்னு போனப்பதான் பத்திர ஆபீஸ்ல அந்த சர்வே நம்பருக்கு பதிவு பண்ண முடியாதபடி ஜீரோ வேல்யூ போட்டிருக்காங்க, டீசி நிலம்னு புகார் இருக்குன்னு தெரிஞ்சுச்சு. லேஅவுட் போட்டவன் போன எடுக்கறதில்ல. எனக்கு அந்த நிலத்து ஜனங்க மேல கோவம் இல்ல, தெரிஞ்சே வித்தவன் மேலதான். ஏரிக்கரை தம்பி, நீங்க கேக்கறதா இருந்தா பிளாட் விக்கறதுக்கு முன்னாடி கேட்டுடுங்க. அம்பது பேர் வாங்கினப்புறம் கேட்டா என்ன மாதிரி மாசச் சம்பளக்காரனும் நீங்களும்தான் கோர்ட்ல எதிரெதிரா நிப்போம், வித்தவன் வேற ஊர்ல வேற லேஅவுட் போட்டுட்டு இருப்பான்.

ஏரிக்கரை பையன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. செல்வி அக்கா, நீங்க சொன்னத அப்பாகிட்ட படிச்சு காட்டினேன். போக்கியம்னதும்தான் அவர் வாய தொறந்தாரு, பெரிய அத்தை கல்யாணத்துக்கு நெல்லு வாங்கினாங்களாம், அதுக்கு ஏதோ எழுதி குடுத்ததா கேள்விப்பட்டிருக்காராம், கிரயம்னு ஒண்ணு நடந்ததே அவருக்கு தெரியல. ரெண்டு சந்தேகம். நிலத்த மீட்டா அது எங்களுக்கு வருமா இல்ல கவர்மெண்டுக்கு போயிடுமா? அப்புறம் வன்கொடுமை சட்டத்துல கேஸ் போடுன்னு ஒரு அண்ணன் சொல்றாரு, போடலாமா?

கருப்பு கோட்டு:

வக்கீலா சொல்றேன். மொத கேள்விக்கு நேரா பதில் சொல்லிடறேன், ஏன்னா கூட்டத்துல பேசறவங்க இத சொல்ல மாட்டாங்க. நிபந்தனைய மீறி பாட்டன் கிரயம் எழுதி குடுத்திருந்தா அரசாங்கம் அந்த ஒப்படைய ரத்து பண்ணி நிலத்த எடுத்துக்கும், எடுத்து தகுதியுள்ள ஆதிதிராவிட குடும்பங்களுக்கு திரும்ப ஒப்படைக்கணும். அதுல வாரிசுங்கற ஒரே காரணத்துக்காக தானா உங்களுக்கு வந்துடாது, நிலமில்லாத குடும்பம்னு காட்டி எங்களுக்கே குடுங்கன்னு மனுவுல கேக்கணும். கிரயமே நடக்கல, போக்கியத்த வெச்சே பட்டா மாத்திட்டாங்கன்னா கதை வேற, அப்ப உங்க உரிமை இன்னும் பலமா இருக்கு. அதுக்குத்தான் செல்வி அக்கா வில்லங்கத்த எடுக்க சொல்றாங்க.

நிபந்தனைய மீறின கிரயம் செல்லாது, எத்தனை வருஷம் அனுபவிச்சாலும் சரின்னு ஹைகோர்ட் தீர்ப்புங்க இருக்கு. ஆனா ஒப்படை நிபந்தனையோட குடுத்ததுதான்னு காட்ட ஒரு காகிதமாவது வேணும். ஊரே சொல்லுது ஆயா சொல்லுச்சுன்னு போனா நிக்காது, அங்கதான் நம்ம ஆளுங்க கேஸ் தோக்குது.

வன்கொடுமை சட்டம்: 1989 சட்டத்துல 2015 திருத்தத்துக்கு அப்புறம் பிரிவு 3(1)(எஃப்), 3(1)(ஜி) ரெண்டும் இதுக்குன்னே இருக்கு. பட்டியல் சாதிக்காரருக்கு ஒதுக்கின நிலத்த தப்பா அனுபவிக்கறது, இல்ல அவங்கள அதுல இருந்து வெளியேத்தறது. மிரட்டி வாங்கின சம்மதம், பொய்யா உண்டாக்கின ஆவணம் எல்லாமே 'தப்பா'ங்கறதுக்குள்ள வரும்னு சட்டத்துலயே விளக்கம் இருக்கு. டிஎஸ்பி ரேங்க்ல இருக்கிறவர்தான் விசாரிக்கணும், பொதுவா முன்ஜாமீன் கிடையாது. 2018 மார்ச்ல சுப்ரீம் கோர்ட் எஃப்ஐஆருக்கு முன்னாடி விசாரணை பண்ணணும்னு சொல்லி இத நீர்க்க வெச்சப்ப ஏப்ரல் 2 நாடு முழுக்க பந்த் நடந்துச்சு ஞாபகம் இருக்கா, அதே வருஷம் பார்லிமெண்ட் 18ஏ பிரிவ கொண்டு வந்து பழையபடி ஆக்கிடுச்சு. சட்டம் பலமாத்தான் இருக்கு. ஆனா என் அபிப்ராயம், காகிதம் கையில வர்றதுக்கு முன்னாடி எஃப்ஐஆருக்கு ஓடாதீங்க. 'சிவில் தகராறு'ன்னு ஒரு வரி எழுதி மூடிடுவாங்க, மூடின கேஸ திரும்ப தொறக்கறது பத்து மடங்கு வேலை. இப்ப கல்லு நடறத தடுக்க போனப்ப யாராவது சாதி சொல்லி திட்டினா, அடிச்சா, அது தனி குற்றம், அன்னிக்கே புகார் குடுங்க.

மனு கலெக்டருக்கு, திங்கக்கிழமை குறைதீர் கூட்டத்துல, ரசீதோட. அது கலெக்டர்கிட்ட இருந்து ஆர்டிஓ, தாசில்தார், கடைசியில உங்க ஊர் விஏஓ கைக்கே வந்து சேரும், அவர் அந்த பெரிய வீட்டுல காபி குடிக்கறவரா இருப்பாரு. அதனால மனுவுலயே ஒரு வரி போடுங்க: விசாரணைய மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலரும் சேந்து செய்யணும், மனுதாரர் முன்னால புலத்தணிக்கை நடக்கணும். பிளாட் அப்ரூவல் குடுக்கற ஆபீசுக்கும் சப் ரிஜிஸ்டருக்கும் அதே மனுவோட நகல பதிவுத்தபால்ல அனுப்பிடுங்க, நாளைக்கு 'எங்களுக்கு தெரியாது'ன்னு சொல்ல முடியாம போகும்.

கீழத்தஞ்சை:

ஏரிக்கரை தம்பியோட அப்பா சொன்னதுக்கு யாரும் பதில் சொல்லலையே. எங்க பக்கம் பஞ்சமி நிலம்னு பேச்சே கம்மி, எல்லாம் மடத்து நிலம் கோயில் நிலம் பண்ணை நிலம். 1968 டிசம்பர் 25 கீழ்வெண்மணியில 44 பேர குடிசையில வெச்சு எரிச்சாங்க, அவங்க கேட்டது நிலம் கூட இல்ல, கூலி நெல்லு கூடுதலா கேட்டாங்க, சங்கம் வெச்சாங்க. அதுக்கப்புறம் 1971ல குடியிருப்பு மனை சட்டம் வந்துதான் குடிசை இருக்கிற எடமாவது ஜனங்களுக்கு சொந்தமாச்சு. எங்க அம்மா சொல்லுவாங்க, மனை சொந்தமானதுக்கு அப்புறம்தான் பண்ணை ஆளு வந்து வாசல்ல நின்னு கூப்பிட்டா 'இன்னிக்கு வரல'ன்னு சொல்ல வாய் வந்துச்சாம். அப்பா பயப்படறதுக்கு காரணம் இருக்கு, அவர கோழைன்னு நெனைக்காதீங்க. தனியா போகாதீங்கங்கறதுதான் நான் சொல்ல வர்றது. அஞ்சு குடும்பத்துக்கு குடுத்ததுன்னு சொன்னீங்க, மத்த நாலு குடும்பத்து வாரிசும் எங்க இருக்காங்க? ஓசூர்லயோ திருப்பூர்லயோ வேலைக்கு போனவங்க இருப்பாங்க, அவங்க கையெழுத்து மொதல்ல போடட்டும், அவங்க அம்மா அந்த கழனிக்கு நாத்து நட போகல.

செங்கை செல்வி:

கீழத்தஞ்சை தோழர் சொன்னது ரொம்ப சரி. ஒரே ஒரு எச்சரிக்கை, அஞ்சு குடும்பம் சேந்ததும் அதுல ஒருத்தர தனியா கூப்பிட்டு 'உனக்கு மட்டும் ரெண்டு பிளாட் தர்றோம், வெத்து பேப்பர்ல ஒரு கையெழுத்து போடு'ன்னு கேப்பாங்க. எல்லா ஊர்லயும் கேட்டாங்க. அத முன்கூட்டியே அஞ்சு வீட்டுலயும் உக்காந்து பேசிடுங்க, பொம்பளைங்களையும் வெச்சு பேசுங்க, எழுதி கையெழுத்து போட்டு வைங்க.

நடுநிலையாளன்:

போக்கிய விஷயம் எனக்கு தெரியாது, ஒத்துக்கறேன். ஆனா ஏமாந்து பிளாட் வாங்கினவனுக்கு யார் பதில் சொல்றது? அதையும் யோசிங்க.

கருப்பு கோட்டு:

வித்தவன் சொல்லணும் சார், அவன் மேல மோசடி கேஸ் போடலாம், பணத்த திருப்பி கேக்கலாம். அதுக்காக நிலம் போன குடும்பம் இன்னும் ஒரு தலைமுறை காத்திருக்க முடியாது.

ஏரிக்கரை, கடைசியா ஒண்ணு விட்டுட்டேன். நீங்க மனு குடுத்த தகவல் போனதும் அவங்க முந்திக்கிட்டு உங்க அப்பா மேலயே முன்சீப் கோர்ட்ல இன்ஜங்ஷன் (தடை உத்தரவு) வாங்க பாப்பாங்க, உங்களுக்கு தெரியாமயே ஆர்டர் வந்துடும். அதனால மனு குடுக்கற அதே வாரத்துல கேவியட் (எங்கள கேக்காம ஆர்டர் போடாதீங்கன்னு கோர்ட்டுல முன்கூட்டியே குடுக்கற மனு) போட்டுடுங்க, அஞ்சு குடும்பம் பேர்லயும். அது 90 நாள்தான் செல்லும், முடியறதுக்குள்ள புதுசா போடணும், தேதிய காலண்டர்ல குறிச்சு வைங்க. எஸ்எல்ஆர் நகல் வந்ததும் குறிப்பு கட்டம் தெரியற மாதிரி படம் எடுத்து இங்க போடுங்க, பேர் எல்லாம் மறைச்சிட்டு.